கல்லீரல் புற்றுநோயின் முன்கணிப்பில் ஆல்புமினும் பிலிரூபினும்

கல்லீரல் உயிரணுப் புற்றுநோய் பெரும்பாலும் நலமான கல்லீரலில் தோன்றுவதில்லை. ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளாலும் மதுவாலும் கொழுப்புப் படிவாலும் நெடுங்காலம் சிதைந்து இறுகிய கல்லீரலிலேயே அது முளைக்கிறது. ஆகவே நோயாளியின் வாழ்நாளைக் கட்டியின் வளர்ச்சி மட்டும் முடிவு செய்வதில்லை. எஞ்சிய கல்லீரலின் செயல்திறனும் சேர்ந்தே முடிவு செய்கிறது. குருதிக் குறிகாட்டிகளுள் எது எதனைச் சுட்டுகிறது என்பதைப் பிரித்தறிதல் இதனால் இன்றியமையாததாகிறது.

கட்டியைச் சுட்டுவனவற்றுள் பழமையானது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவின் கல்லீரல் உருவாக்கும் இப்புரதம் பிறப்புக்குப்பின் மிகக் குறைந்துவிடும். கல்லீரல் புற்றுற்ற எலிகளில் 1963இல் ஆபெலெவ் குழுவினரும், அடுத்த ஆண்டு மனிதரில் தாத்தாரினோவும் இதனைக் கண்டனர். மில்லிலிட்டருக்கு 400 நானோகிராமும் அதற்கு மேலும் உயர்தல் பொதுவாக மோசமான முன்கணிப்பையே குறிக்கும். ஆயினும் கணிசமான நோயாளிகளிடம் இது உயர்வதே இல்லை.

கல்லீரலின் திறனை அளக்க நெடுங்காலம் பயன்பட்டுவருவது சைல்டு-பியூ மதிப்பீடு. அதன் ஐந்து கூறுகளுள் வயிற்றில் நீர் கோத்தலும் உணர்வுக் குழப்பமும் மருத்துவரின் கணிப்பைச் சார்ந்தவை. ஒருவர் சிறிதளவு என்பதை மற்றொருவர் மிகுதி என்பார். இக்குறையைக் களைய 2015இல் ஜான்சன் குழுவினர் ஆல்புமின், பிலிரூபின் ஆகிய இரண்டை மட்டும் கொண்ட 'ஆல்பி' மதிப்பெண்ணை முன்வைத்தனர். லிட்டருக்கு மைக்ரோமோலில் அளந்த பிலிரூபினின் பத்தடி மடக்கையை 0.66 ஆலும், லிட்டருக்குக் கிராமில் அளந்த ஆல்புமினை −0.085 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். விடை −2.60 அல்லது அதற்குக் கீழ் எனில் முதல் தரம், −1.39க்கு மேல் எனில் மூன்றாம் தரம். இடைப்பட்டது இரண்டாம் தரம்.

ஒருவருக்கு டெசிலிட்டருக்கு ஆல்புமின் 4.0 கிராம், பிலிரூபின் 1.0 மில்லிகிராம் எனக் கொள்வோம். ஆய்வக அறிக்கை இரண்டையும் இயல்பு என்றே குறிக்கும். சைல்டு-பியூவிலும் இரண்டுக்கும் மிகக் குறைந்த புள்ளியே கிடைக்கும். அலகு மாற்றினால் அவை 40, 17.1 ஆகும், ஆல்பி மதிப்பெண் −2.59. அவர் இரண்டாம் தரத்தினர்! எல்லைக்கு மயிரிழையே அப்பால் என்பதால் அவரை நலிந்தவர் எனல் மிகை. ஆய்வாளர்கள் தரத்தோடு நில்லாமல் மதிப்பெண்ணையும் பதிதல் நன்று என்பது இதனாலேயே. அலகு மாற்றத்தை மறந்தால் கணக்கு முழுவதும் பிழையாகும்.

நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதமும் முன்கணிப்புக்கு ஆராயப்படுகிறது. அதன் உயர்வு அழற்சியைக் காட்டும். ஆனால் தொற்றும் ஸ்டீராய்டும்கூட அதனை உயர்த்தும். எனவே குருதி எடுத்த நாளில் நோயாளிக்குக் காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து உட்கொண்டார் என்பன அந்த எண்ணுடன் சேர்த்துப் பதியப்பட வேண்டியவை.