ஒரு தாழ்ப்பாள், ஓர் ஆணி, ஒரு மூடி வாளி

எங்கள் பள்ளியில் நாப்கின் பதிவேடு என் பொறுப்பு. 2012-ல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு, 10 முதல் 19 வயதுவரை, அரசு இலவசமாகக் கொடுக்கிறது: இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அருமையான திட்டம். துணியை வெயிலில் காயப்போடக் கூச்சப்பட்டு, பாவாடைக்கடியில் ஒளித்து உலர்த்தியவள் நான்.

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. மாதத்துக்கு ஒன்பதுதான். ஐந்து நாள் என்றால் நாளுக்கு இரண்டுகூடத் தேறாது. ஆறு மணி நேரத்துக்குள் மாற்றச் சொல்கிறார் கிராம சுகாதார செவிலியர். எட்டு மணிக்குப் பஸ் ஏறுகிற பிள்ளையோ மாலை வீடு சேரும்வரை ஒன்றையே வைத்திருக்கிறாள்.

கையில் இருந்தாலும் மாற்றமாட்டாள். ஏன் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன்.

"உள்ள தாப்பா இல்ல டீச்சர். ஒருத்தி வெளிய நின்னு கதவப் பிடிச்சுக்கணும். தரையெல்லாம் ஈரம், பாக்கெட்ட எங்க வைக்கிறது? பழச எங்க போடுறது?"

இதற்குப் பயந்தே சிலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சிலர் வருவதே இல்லை. விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்றிருக்கும்.

பழசுதான் பெரிய தலைவலி. நாப்கினுக்குள் இருக்கும் உறிஞ்சும் தூள் தண்ணீர் பட்டால் ஊதிப் பெருக்கும். அடியில் பிளாஸ்டிக் தாள். கழிப்பறைக் கோப்பையில் போட்டால் குழாய் அடைக்காமல் என்ன செய்யும்? அடைப்பைக் கையால் எடுப்பவர் எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா. சொற்பச் சம்பளம், கையுறை கிடையாது. நாப்கின் விழிப்புணர்வுக் கூட்டங்களில் அந்த அக்காவை யாரும் மேடைக்கு அழைத்து நான் பார்த்ததில்லை.

எரிக்கிற மெஷின் ஒன்று நன்கொடையாக வந்தது. 800 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பிளாஸ்டிக் நச்சுப் புகையில்லாமல் எரியும். எங்கள் மெஷின் அந்தச் சூட்டை எட்டியதே இல்லை. புகை வகுப்பறைக்குள் வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசியபோது ஆண்கள் சுவரைப் பார்த்தார்கள். கடைசி வரிசை அம்மா ஒருவர் எழுந்தார்: "தாப்பா, ஆணி, மூடி வாளி, பழைய பேப்பர். இதுக்கு எதுக்கு டீச்சர் கூட்டம்?"

கூட்டத்தில் வந்த சில்லறையில் அன்றே எல்லாம் வாங்கியாயிற்று. அக்காவுக்கு முழங்கைவரை வரும் கையுறையும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.