பயோடேட்டாவில் விடுபட்ட ஆண்டுகள்

மறுபரிசோதனைக்கு வருவோர் மருத்துவரிடம் உணவைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் கேட்கின்றனர். அறையைவிட்டு வெளியே வந்தபின் எங்கள் சமூகப் பணியாளர்களிடம் தாழ்ந்த குரலில் வேறொன்றைக் கேட்கின்றனர்: "ரெண்டு வருஷமா வேலைக்குப் போகலை. இன்டர்வியூல கேட்டா என்னங்க சொல்றது?" நோய் நீங்கிய பின்னும் நீங்காத அச்சம் இது. சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்கு விண்ணப்பிப்பவருக்கும் நேரு வீதிக் கடையொன்றில் கணக்கெழுதச் செல்பவருக்கும் அது ஒன்றேதான்.

இடைவெளியை மறைத்துவிடலாம் என்பதே பலருக்கு முதலில் தோன்றும் வழி. பழைய நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தைச் சில மாதங்கள் நீட்டி எழுதிவிடுகின்றனர். இதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில், ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகியுள்ளன. பணியில் சேர்க்கும் முன் அப்பதிவைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பல. நோயுற்றதற்காக வேலை மறுக்கப்படாமலும் போகலாம். தேதியை மாற்றியதற்காக மறுக்கப்பட்டால் வாதிட இடமே இராது.

அவ்வாறெனில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? தேவையில்லை. நேர்காணல் நடத்துபவர் "இத்தனை நாள் ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று வினவும்போது, அவர் உள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் வேறொரு கேள்வி: "இனி ஒழுங்காக வருவீர்களா?" ஆகவே விடை இரண்டாவது கேள்விக்கும் சேர்த்து அமைய வேண்டும். எங்களிடம் வருவோருடன் பேசிப் பழகும் விடை ஏறத்தாழ இவ்வாறிருக்கும்: "உடல்நலக் காரணத்தால் 2023 ஜூன் முதல் வேலையிலிருந்து விலகியிருந்தேன். சிகிச்சை முடிந்துவிட்டது, இந்த வேலைக்குத் தகுதியானவன் என்று மருத்துவர் சான்று தந்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அந்த நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்." இவ்வளவே. இதற்குமேல் நீளும் விளக்கம் பெரும்பாலும் மன்னிப்புக் கோரலாக மாறிவிடுகிறது. பரிசோதனை நாளை மறைத்துப் பணியில் சேர்ந்து, முதல் மாதத்திலேயே விடுப்புக் கேட்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் பொதுவாக உங்கள் விருப்பம். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவான காப்பளிக்கிறது: தொற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபடுத்தலாகாது, வேலை தருவதற்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கோரலாகாது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். மனநலச் சிகிச்சை பெற்றோரின் மருத்துவ விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை அதே ஆண்டில் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியுள்ளது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உணவு தயாரிப்போர், ஓட்டுநர், ஆபத்தான இயந்திரங்களில் பணிபுரிவோர் போன்றோருக்கு மருத்துவப் பரிசோதனை பணியின் பகுதியாகவே இருக்கக்கூடும். அங்கு நிரப்பித் தரும் படிவத்தில் பொய் எழுதிக் கையொப்பமிடுவது பின்னாளில் வேலையைப் பறிக்கும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தவர்கள் தங்கள் தாள்களைத் தேடி எடுத்து வைத்தல் நன்று. தகுதியுள்ள காப்பீட்டாளருக்கு ஆண்டில் 91 நாள்கள் வரை, ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பணப்பயன் உண்டு. காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டுகள் வரை நீட்டிக்கப்படுவதுண்டு. அந்தப் பதிவு, நீங்கள் வேலையை உதறிவிட்டுப் போனவர் அல்லர் என்பதற்குச் சான்று.

நோயாளியைக் கவனித்துக்கொண்டவர்களின் நிலை இன்னும் கடினமானது. தந்தைக்கு வாரம் மூன்றுமுறை டயாலிசிஸ். அதற்காக மூன்றாண்டுகள் வேலையை விட்டிருந்த மகளிடம் கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருந்தேன்" என்கிறார். இந்தச் 'சும்மா' என்னும் சொல்லைத்தான் நாங்கள் முதலில் நீக்கச் சொல்கிறோம். அவர் நாள்தோறும் தந்தை அருந்திய நீரை அளந்து குறித்திருக்கிறார். இரத்த அழுத்தத்தைப் பதிந்திருக்கிறார். காப்பீட்டுப் படிவங்களுக்காக அலுவலகந்தோறும் ஏறி இறங்கியிருக்கிறார். இதைப் பெருமைப்படுத்தி எழுத வேண்டியதில்லை. "2021–2024: குடும்ப உறுப்பினரின் மருத்துவப் பராமரிப்பு" என்ற ஒரு வரி பயோடேட்டாவில் இருந்தால் போதும், அந்த ஆண்டுகள் வெற்றிடமாக நில்லா. நேர்காணலில், இப்போது தந்தையைக் கவனிப்பது யார் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கேட்கத் தயங்கும் கேள்வி அதுவே.

வேலையற்ற ஆண்டுகள் இந்நகருக்குப் புதியனவும் அல்ல. ஏ.எஃப்.டி. ஆலை 2011 டிசம்பரில் தானே புயலில் சேதமுற்றுத் தள்ளாடி, 2020இல் மூடப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் பணி வரலாறு பாதியில் நின்றது. நேர்காணல் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரும் அத்தகைய வீட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

இறுதியாக, சான்றிதழ் பற்றி. பலர் டிஸ்சார்ஜ் சம்மரியையே நகலெடுத்து நிறுவனத்திடம் கொடுத்துவிடுகின்றனர். வேண்டாம். நோயின் பெயர் முதல் பரிசோதனை முடிவுகள் வரை அனைத்தும் அதில் உள்ளன. ஒருமுறை கைமாறியபின் யார் கண்ணில் படும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. நிறுவனத்திற்குத் தேவைப்படுவது, இந்தப் பணிக்கு நீங்கள் தகுதியானவர் என்று கூறும் ஒரு பக்க உடற்தகுதிச் சான்றிதழ் மட்டுமே. அதைக் கேட்க வரும்போது செய்யவிருக்கும் வேலையை எழுதி எடுத்து வாருங்கள்: எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும், இரவுப் பணி உண்டா என்பன. "வேலைக்குப் போகலாம்" என்று பொதுவாக எழுதுவதற்கு மாறாக, "எட்டு மணி நேரப் பகற்பணிக்குத் தகுதியானவர், முதல் மூன்று மாதங்கள் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கலாகாது" என்று மருத்துவர் எழுத அதுவே உதவும்.