பிள்ளை இல்லையென்றால் பெண்ணை மட்டும் குறை சொல்லலாமா? உயிரணுக்கள் சொல்லும் உண்மை

உலு திராம்: திருமணம் முடிந்து ஓராண்டு கடந்தால் போதும். "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி கோவிலிலும் கல்யாண மண்டபத்திலும் தொடங்கிவிடும். தோட்டத்து லயன் வீடாக இருந்தாலும் தாமான் புத்ரி வாங்சா போன்ற குடியிருப்புப் பகுதியாக இருந்தாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. அது பெரும்பாலும் மருமகளிடம்தான் கேட்கப்படுகிறது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பின் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், அந்தப் பழியும் அவள் மேல்தான் விழுகிறது.

இந்த இரண்டு பழிகளும் தவறானவை என்பதற்கான விளக்கம் பள்ளி உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தேர்வுக்காக மலாயில் படித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லத்தான் வாய்ப்பு அமைவதில்லை.

46 எப்படி 23 ஆகிறது?

மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23 என அவை இணை இணையாக இருக்கும். இந்த எண்ணிக்கையைச் சரியாகக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர். இந்தோனேசியாவின் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ என்ற ஆய்வாளர், 1955ஆம் ஆண்டு இறுதியில் சுவீடன் நாட்டு ஆய்வுக்கூடத்தில் இதை எண்ணிக் காட்டினார். அதுவரை 48 என்றே அறிவியல் உலகம் நம்பியிருந்தது.

விந்தணுவிலும் கருமுட்டையிலும் 46 இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு 92 ஆகிவிடும். அதனால் இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது மட்டும் உடல் ஒரு தனிமுறையைக் கையாள்கிறது. அதற்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். மலாய்ப் பாடநூலில் இது மியோசிஸ் எனப்படும். இதில் குரோமோசோம்கள் ஒருமுறை நகலெடுக்கப்பட்டு, உயிரணு இரண்டு முறை பிரிகிறது. முடிவில் 23 மட்டுமே மிஞ்சுகிறது.

பிரிவதற்கு முன்னால் அப்பாவழிக் குரோமோசோமும் அம்மாவழிக் குரோமோசோமும் அருகருகே சேர்ந்து சில பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி இல்லாததற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியக் காரணம்.

பிறக்கும் முன்பே உருவாகும் கருமுட்டை

பெண்ணின் கருமுட்டைகள் அவள் பெரியவளான பிறகு உருவாகின்றன என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது ஒரு பெண் சிசுவிடம் 60 முதல் 70 லட்சம் முட்டை அணுக்கள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைகிறது. பருவமடையும் வயதில் சுமார் 3 முதல் 4 லட்சம் மட்டுமே எஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருவது ஏறக்குறைய 400 முதல் 500 வரைதான்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு பாட்டி தன் மகளை வயிற்றில் சுமந்துகொண்டு தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நாளிலேயே, பின்னாளில் பேரப்பிள்ளையாகப் பிறக்கப்போகும் முட்டை அணு அந்த மகளின் சினைப்பையில் இருந்திருக்கிறது. கர்ப்பிணிகளின் உணவும் ஓய்வும் அடுத்த தலைமுறையோடு நின்றுவிடும் விஷயம் அல்ல.

அந்த முட்டை அணுக்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. மாதந்தோறும் ஒரு முட்டை முதிரும்போதுதான் அந்தப் பகுப்பு மீண்டும் தொடர்கிறது. விந்தணு உள்ளே நுழைந்த பிறகே அது முழுமையடைகிறது. அதாவது 38 வயதில் வெளிவரும் முட்டை, 38 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த முட்டை. அவ்வளவு காலம் சேர்ந்தே இருந்த குரோமோசோம் இணைகளின் பிடிப்பு தளர்ந்து, பிரியும்போது ஒன்று தவறான பக்கம் போய்விட வாய்ப்பு கூடுகிறது. வயது ஏற ஏறக் கருச்சிதைவும் டவுன் சிண்ட்ரோம் பாதிப்பும் அதிகரிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பது. இது தோஷமோ சாபமோ அல்ல. யாருடைய தவறும் அல்ல.

ஆணின் உடலில் அன்றாட உற்பத்தி

ஆணின் கதை வேறு. பருவமடைந்த பிறகே விந்தணு உற்பத்தி தொடங்குகிறது. அதன்பின் நாள்தோறும் கோடிக்கணக்கில் நடக்கிறது. ஒரு மூல அணு முழு விந்தணுவாக வளர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மாதங்கள் ஆகும். இந்த வேலைக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பம் தேவை. விதைப்பை உடலுக்கு வெளியே அமைந்திருப்பது அதனால்தான்.

கடும் காய்ச்சல், புகைபிடித்தல், உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி, பருவமடைந்த பின் வரும் பொன்னுக்கு வீங்கி ஆகியவை இந்த உற்பத்தியைப் பாதிக்கக்கூடும். இன்று புகைபிடிப்பதை நிறுத்தினாலும் பலன் தெரிய மூன்று மாதங்கள் ஆகலாம். வெளித்தோற்றத்தில் திடகாத்திரமாக இருக்கும் ஆணுக்கும் விந்தணுக் குறைபாடு இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தையின்மைப் பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேற்றுச் சிக்கலைச் சந்திக்கிறார் என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

ஆணா, பெண்ணா?

கருமுட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே இருக்கும். விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் விந்தணு சேர்ந்தால் பெண் குழந்தை, ஒய் சேர்ந்தால் ஆண் குழந்தை. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, 1905இல் ஒருவகை வண்டின் விந்தணுக்களை ஆராய்ந்து இந்த உண்மைக்கு அடித்தளமிட்டார். ஆகவே ஆண் வாரிசு இல்லையென்று மனைவியைக் குறைகூறுவதற்கு அறிவியலில் இடமில்லை. எந்த விந்தணு முந்துகிறது என்பது கணவனின் கையிலும் இல்லை.

தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு பாடம்

1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசித்தான் கண்டுபிடித்தனர். பரிசோதனையில் பலருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தது. சிலருக்கு அறவே இல்லை. மண்புழுதியிலுள்ள நுண்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தே காரணம் எனத் தெரியவந்தது. 1979இல் அங்கு அதன் பெரும்பாலான பயன்பாடு தடை செய்யப்பட்டது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். மூல அணுக்கள் தப்பியவர்களுக்கு உற்பத்தி மெல்லத் திரும்பியது. மூல அணுக்களே அழிந்துபோனவர்களுக்குத் திரும்பவில்லை.

அந்தத் தொழிலாளர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்திருந்தால், உண்மை வெளிவர இன்னும் பல காலம் ஆகியிருக்கும். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் கையுறை, முகக்கவசம் அணிவதும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுவதும், மருத்துவரிடம் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்வதும் மிக அவசியம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதங்களிலேயே செல்வது நல்லது. மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கினால், தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். எல்.பி.பி.கே.என். எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தையின்மைக்கான ஆலோசனையும் சிகிச்சையும் வழங்குகிறது. சோதனைக் குழாய் முறை போன்ற செலவு மிகுந்த சிகிச்சைகளுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழி உண்டு.

முதல் நாளே கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதே சரியான முறை. விந்தணுப் பரிசோதனை எளிமையானது, வலியில்லாதது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் மனைவியை மட்டும் கிளினிக் கிளினிக்காக அலையவிடும் குடும்பங்கள், கருமுட்டைக்கு இருக்கும் காலத்தைத்தான் வீணாக்குகின்றன.