கல்லிலும் மலரிலும் எழுதிய வரலாறு
மெக்சிகோவின் பழைய நகரங்களிலும் தோட்டங்களிலும் ஓர் உலா

டிசம்பர்க் குளிரில், பூக்கள் மலராத ஒரு பாறைக் குன்றின் உச்சியில், ஏழைப் பழங்குடி மனிதர் ஒருவர் தம் மேலாடை நிறைய ரோஜா மலர்களைப் பறித்துக்கொண்டு ஆயரைத் தேடிச் சென்றார். ஆயர்முன் ஆடையை விரித்தபோது மலர்கள் உதிர்ந்தன. அன்னையின் திருவுருவம் ஆடையில் பதிந்திருந்தது. குவாதலூப்பே அன்னையின் இந்த வரலாறு நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. நிகழ்ந்த ஆண்டு 1531. அந்த மனிதரின் பெயர் ஹுவான் தியேகோ. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2002-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று மெக்சிகோ நகரிலேயே அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த மலர்கள் உதிர்ந்த காலம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1521 ஆகஸ்ட் 13 அன்று, ஹெர்னான் கோர்த்தெஸ் தலைமையில் வந்த ஸ்பெயின் நாட்டுப் படை, அஸ்தெக் மக்களின் தலைநகரை வீழ்த்தியிருந்தது. இன்று உலகெங்குமிருந்து பயணிகள் வந்து வியக்கும் ஆலயங்களும் மடங்களும் சோலைகளும் அந்த வீழ்ச்சியின் பின்னர் எழுந்தவை. வாசக அன்பர்களே, அந்நகரங்கள் சிலவற்றில் உங்களை உலா அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையிலெடுத்துக் கொள்வோம்: இந்த எழிலையெல்லாம் ஆக்கிய கைகள் யாருடையவை?

ஏரியின் மீது ஒரு தலைநகர்

கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மெக்சிகோ நகரம். அஸ்தெக் மக்களின் தலைநகர் ஓர் ஏரியின் நடுவே தீவாக இருந்தது. வெற்றி பெற்றவர்கள் அதன் மீதே தங்கள் நகரை எழுப்பினர். நகரின் பெருஞ்சதுக்கத்தில் நிற்கும் பேராலயத்தின் பணி 1573-இல் தொடங்கி 1813-இல்தான் நிறைவுற்றது. இடிக்கப்பட்ட பழங்கோயிலின் கற்கள் இந்த இடத்துக் கட்டடங்களில் மீண்டும் பயன்பட்டன. ஏரிச் சேற்றின் மீது நிற்பதால் பேராலயம் சீரற்றுப் புதைந்துவந்தது. 1990-களில் பெருமுயற்சி செய்து அதை நிலைப்படுத்த வேண்டியிருந்தது.

1978 பிப்ரவரியில், பேராலயத்தின் அருகே மின்கம்பி பதிக்கத் தோண்டிய தொழிலாளர்களின் கருவி, செதுக்கிய ஒரு பெருங்கல்லில் மோதியது. அஸ்தெக் மக்கள் வணங்கிய பெண் தெய்வம் ஒன்றின் உருவம் அது. அதைத் தொடர்ந்து நடந்த அகழ்வில் பழைய பெருங்கோயிலின் அடித்தளம் முழுவதும் வெளிப்பட்டது. இன்று ஒரே இடத்தில் நின்று இரண்டையும் காணலாம். கோயில்களை இடித்தவர்களுள்ளும் ஓவிய நூல்களைத் தீயிலிட்டவர்களுள்ளும் மறைபரப்பாளரும் இருந்தனர் என்ற உண்மையை இங்கே மறைக்க இயலாது.

சற்றுத் தொலைவில் அலமேதா என்னும் பூங்கா இருக்கிறது. 1592-இல் அமைக்கப்பட்ட இது, அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய பொதுப் பூங்கா. அதன் ஓரத்தில்தான், சமய விசாரணை மன்றம் தீர்ப்பிட்டவர்களை எரிக்கும் களமும் ஒரு காலத்தில் இருந்தது. நிழல் தரும் மரங்களுக்கு நினைவும் இருக்குமானால் அவை என்ன சொல்லும்!

நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ, வெற்றியாளர்கள் வருவதற்கு முற்பட்ட தோட்டக்கலையின் எச்சம். அப்பெயருக்கே ‘மலர் வயல்’ என்பது பொருள். ஆழமற்ற நீரில் கழிகளை ஊன்றி, சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காக இட்டு, கரைந்து போகாதபடி ஓரங்களில் மரங்களை நட்டு உருவாக்கிய நிலத்துண்டுகள் அங்குள்ளன. ‘மிதக்கும் தோட்டங்கள்’ என்று அழைத்தாலும் அவை மிதப்பவை அல்ல. மனித உழைப்பால் ஏரியில் எழுந்த வயல்கள். இன்றும் அங்கே காய்கறியும் பூவும் விளைகின்றன. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இவை அறிவிக்கப்பட்டன.

சுவரில் நம் நாட்டுப் புனிதர்

தலைநகரிலிருந்து தெற்கே மலையிறங்கினால் குவெர்னவாக்கா. ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம் நிலவும் ஊர். இங்குள்ள பேராலயம் முதலில் பிரான்சிஸ்கன் துறவியரின் மடமாக, பதினாறாம் நூற்றாண்டில் எழுந்தது. மதில் சூழ்ந்த பெருமுற்றமும், அதை நோக்கித் திறந்த சிற்றாலயமும் அதன் தனிச்சிறப்பு. வானத்தின் கீழே வழிபட்டுப் பழகிய மக்கள் பெருங்கூட்டமாக வந்தபோது, குருவானவர் வளைவுக்குள் நின்று திருப்பலி நிறைவேற்ற, மக்கள் முற்றத்தில் நின்று பங்கேற்றனர்.

இப்பேராலயத்தின் உட்சுவர்களில், பிற்காலப் பூச்சின் கீழ் மறைந்திருந்த பழைய ஓவியங்கள் இருபதாம் நூற்றாண்டில் நடந்த சீரமைப்பின்போது வெளிப்பட்டன. ஜப்பான் நாட்டு நாகசாகியில் 1597 பிப்ரவரி 5 அன்று சிலுவையில் அறையப்பட்ட 26 வேதசாட்சிகளின் வரலாற்றை அவை சொல்கின்றன. மெக்சிகோ ஊர் ஒன்றில் ஜப்பான் காட்சி எவ்வாறு வந்தது? ஆசியாவுக்குக் கப்பலேறும் அக்காபுல்கோ துறைமுகத்துச் சாலையில் இந்த மடம் இருந்தது. வேதசாட்சிகளுள் ஒருவரான பிலிப்பு மெக்சிகோ நகரில் பிறந்தவர். குருப்பட்டம் பெறுவதற்காக மணிலாவிலிருந்து தாயகம் திரும்புகையில் கப்பல் ஜப்பான் கரையில் சிதைந்தது. அவரோடு உயிர் நீத்த மற்றொருவர், நம் நாட்டு வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா என்னும் பிரான்சிஸ்கன் சகோதரர். 1862-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். இந்தியாவில் பிறந்த முதற்புனிதரின் சாட்சியத்தை, அவர் கண்டறியாத கண்டத்தின் சுவரொன்று காத்து வந்திருக்கிறது!

பேராலயத்தின் எதிரே போர்தா தோட்டம். மானுவேல் தெ லா போர்தா என்னும் செடிநூல் ஆர்வம் மிக்க குருவானவர் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாக்கிய சோலை இது. படிப்படியாக இறங்கும் மேடைகள், குளங்கள், நீரூற்றுகள், மாமரங்கள். மா நம் ஆசியாவிலிருந்து கடல் கடந்து சென்ற மரம். பின்னாளில் மாக்சிமிலியன் என்னும் ஐரோப்பிய இளவரசர், பிரெஞ்சுப் படையின் துணையோடு மெக்சிகோவின் பேரரசராகி, இத்தோட்டத்தைத் தம் ஓய்விடமாகக் கொண்டார். 1867-இல் கெரெத்தாரோ நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டம் இருக்கிறது.

இத்தனை குளங்களை வெட்டும் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, இன்னும் தெற்கே தாஸ்கோ என்னும் மலைநகருக்குச் செல்ல வேண்டும். மானுவேலின் தந்தை ஹோசே அங்கே வெள்ளிச் சுரங்கத்தால் பெருஞ்செல்வர் ஆனவர். நன்றிக் கடனாக, 1751 முதல் 1758 வரை ஏழே ஆண்டுகளில் புனித பிரிஸ்கா ஆலயத்தை அவர் எழுப்பினார். இளஞ்சிவப்புக் கல்லில் இரட்டைக் கோபுரங்கள்; உள்ளே தரையிலிருந்து முகடு வரை பொன்முலாம் பூசிய பீடங்கள். கொடையாளரின் பெயர் நிலைத்துவிட்டது. சுரங்கத்தின் இருளில் கல்லுடைத்தவர்களின் பெயர்கள் எந்தப் பீடத்திலும் இல்லை.

வானதூதரின் முகம்

மீண்டும் தலைநகர் வந்து தென்கிழக்கே சென்றால், 1531-இல் ஸ்பெயின் மக்களுக்கென்றே நிறுவப்பட்ட புவேப்லா நகரம். நீலமும் வெள்ளையும் மஞ்சளுமான ஓடுகள் பதித்த வீடுகள் தெருவெங்கும் மின்னுகின்றன. சாமிநாதர் சபை ஆலயத்திலுள்ள செபமாலை அன்னையின் சிற்றாலயம் 1690-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் பொன்வேலைப்பாட்டைக் கண்டவர் சற்று நேரம் பேச்சிழந்து நிற்பர். ஆயர் ஹுவான் தெ பலபோக்ஸ் தம்முடைய 5,000 நூல்களை 1646-இல் கொடுத்துத் தொடங்கிய நூலகமும் இங்குண்டு. குருமாணவர்க்கு மட்டுமன்றி, படிக்க விரும்பும் எவருக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 2011-இல் இந்த ஆயர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

இயேசு சபை ஆலயத்தில் ஒரு நினைவிடம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. கத்தரீனா தெ சான் ஹுவான் என்னும் பெண்மணி, இந்தியாவில் பிறந்து, சிறுமியாகக் கடற்கொள்ளையரால் கவர்ந்து செல்லப்பட்டவர். கொச்சியில் திருமுழுக்குப் பெற்று, மணிலாவில் அடிமையாக விற்கப்பட்டு, இந்நகருக்கு வந்து சேர்ந்தார். செபத்திலும் ஏழ்மையிலும் வாழ்ந்து, 1688-இல் இறந்தபோது நகரமே திரண்டு வந்தது. பிறந்த பெயரையும் வீட்டையும் இழந்த ஒரு பெண்ணை, விற்று வாங்கிய நகரமே புனிதவதியென்று போற்றியது. இதில் நாம் வியப்பதா, வருந்துவதா?

புவேப்லாவை அடுத்த தொனான்சிந்த்லா என்னும் சிற்றூரில் நம் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்குகிறது. அவ்வூர்ப் பழங்குடிக் கைவினைஞர்கள் தங்கள் அன்னையின் ஆலயத்தின் உட்புறம் முழுவதையும் சுதைவேலையால் நிரப்பியிருக்கின்றனர். அங்கே வானதூதர்களுக்குப் பழுப்பு நிற முகம். தலையில் இறகு முடி. சுற்றிலும் அந்நாட்டுக் கனிகளும் மக்காச்சோளக் கதிர்களும் மலர்களும். ஆலயத்துக்குள் ஒரு தோட்டம்! வெளிநாட்டார் கொணர்ந்த விசுவாசத்தைத் தங்கள் முகத்தோடும் தங்கள் மண்ணின் விளைவோடும் அவர்கள் ஏற்றுக்கொண்டதன் சான்று இது.

மேலும் தெற்கே வஹாக்கா நகரில் சாமிநாதர் சபையின் பழைய மடம் ஒன்று உள்ளது. அதன் நிலம் நூறாண்டுக்கும் மேலாக இராணுவத்தின் வசம் இருந்தது. 1990-களில் இராணுவம் வெளியேறியபோது அங்கே விடுதி கட்டும் யோசனை எழுந்தது. ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோவும் அவரைச் சார்ந்தோரும் அதை எதிர்த்து, அம்மாநிலத்துச் செடிகளுக்கான தோட்டமாக அதை மாற்றச் செய்தனர். நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியின் இனத்தைச் சேர்ந்த கள்ளிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அக்கள்ளியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் கிடைக்கும் செந்நிறச் சாயம், வெள்ளிக்கு அடுத்த பெரும் ஏற்றுமதியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. பெருமக்களின் சிவப்பு அங்கிகளுக்குப் பின்னால், பழங்குடிப் பெண்களும் ஆண்களும் கள்ளி மடல்களிலிருந்து பொறுமையோடு பூச்சிகளைத் துடைத்தெடுத்த உழைப்பு இருந்தது.

ஏரிக்கரை ஆரோக்கிய அன்னை

நம் உலாவின் கடைசி நிலையம் தலைநகருக்கு மேற்கே, மிச்சோவாக்கான் மாநிலத்தில் உள்ளது. பாட்ஸ்குவாரோ, ஓர் ஏரியை அடுத்த அமைதியான ஊர். வெண்சுவரும் செவ்வோடும் உடைய வீடுகள். நடுவே மரங்கள் அடர்ந்த பெருஞ்சதுக்கம். அதில் ஓர் ஆயரின் சிலை.

இப்பகுதியில் வாழ்ந்த புரேப்பெச்சா மக்களின் அரசரை 1530-இல் ஸ்பெயின் அதிகாரி ஒருவர் சித்திரவதை செய்து கொன்றார். அஞ்சிய மக்கள் மலைகளுக்கு ஓடினர். 1531-இல் நீதிபதியாக இந்நாட்டுக்கு வந்தவர் வாஸ்கோ தெ கிரோகா. மக்களை அடிமைகளாக்குவதை அவர் சட்டத்தின் மொழியிலேயே எதிர்த்து எழுதினார். புனித தாமஸ் மூர் எழுதிய ‘உத்தோப்பியா’ நூலைப் படித்து, அந்தக் கற்பனை நாட்டை மண்ணில் அமைக்கத் துணிந்தார். 1532-இல் தலைநகருக்கு அருகிலும், அடுத்த ஆண்டு இந்த ஏரிக்கரையிலும் ‘புனித விசுவாசம்’ என்ற பெயரில் அவர் நிறுவிய ஊர்களில் நிலம் பொதுவுடைமை; நாளொன்றுக்கு ஆறு மணி நேர வேலை; நோயாளர், அநாதைகள், வழிப்போக்கர் அனைவருக்கும் மருத்துவமனையும் தங்குமிடமும். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர், அம்மக்களும் மெய்யான மனிதரே, அவர்களின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று ஆணை வெளியிட்டார். அடுத்த ஆண்டே கிரோகா அப்பகுதியின் முதல் ஆயரானார்.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைத்தொழிலை அவர் வகுத்துக் கொடுத்தார் என்பது மரபு. செம்புப் பாத்திரங்களுக்கு ஓர் ஊர், கிதார் இசைக்கருவிக்கு ஓர் ஊர் என்று இன்றும் அத்தொழில்கள் வாழ்கின்றன. ‘தாத்தா வாஸ்கோ’ என்றே மக்கள் அவரை அழைக்கின்றனர். அவர்கள் மொழியில் ‘தாத்தா’ என்றால் தந்தை. 1565-இல் இறந்த அவருக்கு 2020 டிசம்பரில் திருச்சபை ‘வணக்கத்துக்குரியவர்’ என்னும் நிலையை வழங்கியது.

ஐந்து நெடும்பகுதிகள் கொண்ட பேராலயம் ஒன்றை அவர் இங்கே திட்டமிட்டார். நடுப்பகுதி மட்டுமே நிறைவுற்றது. அதில் அவர் துயில்கிறார். பீடத்தில் வீற்றிருக்கும் அன்னைக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஆரோக்கிய அன்னை’! வேளாங்கண்ணியை நாடிச் செல்லும் நம் செவிக்கு இப்பெயர் எத்துணை இனிமை! அத்திருவுருவம் கல்லிலோ பொன்னிலோ ஆனதன்று. மக்காச்சோளத் தண்டின் சோற்றை அரைத்து, செடிப் பசையில் குழைத்து, புரேப்பெச்சா கைவினைஞர் தம் முன்னோரின் முறையில் செய்தது. தாஸ்கோவின் பொற்பீடத்தைவிட இந்தச் சோளத்தண்டு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இதைச் செய்தவர்கள் சுரங்கத்துக்கு விரட்டப்பட்டவர்களாக அன்றி, மனிதராக மதிக்கப்பட்டவர்களாகத் தம் கைத்திறனை அன்னைக்குக் கொடுத்தார்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளையொட்டி இந்த ஏரியின் தீவிலும் கரையூர்களிலும் குடும்பங்கள் கல்லறைகளைச் செண்டுமல்லிப் பூக்களால் மூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, இரவெல்லாம் விழித்திருக்கின்றன. அந்தச் செண்டுமல்லியும், நாம் மாலை தொடுக்கும் நிலச்சம்பங்கியும் மெக்சிகோ மண்ணில் தோன்றி நம்மிடம் வந்தவை. அடுத்த கல்லறைத் திருநாளில் நம் பெற்றோரின் சிலுவையடியில் அம்மலர்களை வைக்கும்போது, பெயரின்றி மறைந்த அந்தக் கைகளுக்காகவும் ஒரு செபம் சொல்வோம்.