சிரிப்பும் சாட்சியமும்: தனிநபர் மேடை நகைச்சுவை பற்றிய ஒரு நோக்கு

ஒலிவாங்கியொன்றைத் தவிர வேறு துணையின்றி, ஒருவர் தனித்து நின்று அவையோருடன் நேர்நின்று பேசும் பாங்கிலே நிகழ்த்துவது 'ஸ்ராண்ட்-அப் கொமடி' எனப்படும் மேடை நகைச்சுவை. நாடக நடிகன் தன் கூற்றைப் பாத்திரத்தின் கூற்று எனலாம். இக்கலைஞனுக்கு அவ்வரண் இல்லை. அவன் தன் பெயரிலேயே பேசுகின்றான். அரசியலையும் மதத்தையும் அவன் தொடும்போது சட்டம் அவனை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பதை இரு வழக்குகளைக் கொண்டு நோக்குவோம்.

அமெரிக்கக் கலைஞரான லெனி புறூஸ், மதபீடத் தலைவர்களை விளம்பர வணிகர்களாகச் சித்திரித்தும், இனவெறியையும் பாலியல் பாசாங்குகளையும் எள்ளியும் 1950களின் பிற்பகுதியில் புகழ்பெற்றார். 1961 இல் சான் பிரான்சிஸ்கோவிலும் 1962 இல் சிக்காகோவிலும் 1964 இல் நியூயோர்க்கிலும் அவர் கைதுசெய்யப்பட்டார். சாட்டப்பட்ட குற்றம் ஆபாசம். ஆயினும் சிக்காகோ வழக்கிலே, மதத்தை அவர் எள்ளியமையும் அதிகாரிகளை உறுத்தியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நியூயோர்க் வழக்கில் அனுமதிப்பத்திரத் திணைக்கள அதிகாரியொருவர், நிகழ்ச்சியின்போது தாம் எடுத்த குறிப்புகளைக் கொண்டு மன்றிலே சாட்சியமளித்தார். தமது நிகழ்ச்சியை வேறொருவர் சிதைத்து நிகழ்த்த, அதற்காகத் தாம் விசாரிக்கப்படுவதாகப் புறூஸ் முறையிட்டார். இம்முறைப்பாடு வெறும் வேடிக்கையன்று. நகைச்சுவையின் பொருள் சொல்லில் மட்டும் தங்கியிருப்பதில்லை. குரலின் ஏற்ற இறக்கம், இடைவெளி, முகபாவம், அவையோரின் எதிர்வினை ஆகியன கூடியே அப்பொருளை ஆக்குகின்றன. இவையனைத்தும் களையப்பட்டபின் எஞ்சும் சொற்கூட்டமே சாட்சியமாகின்றது.

1964 நவம்பரில் மூவர் கொண்ட நீதிபதிகள் குழாம் பெரும்பான்மையால் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. மேன்முறையீடு முடிவுறுமுன்னரே, 1966 ஓகஸ்ட் 3 ஆம் திகதி அவர் மறைந்தார். நியூயோர்க் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2003 டிசெம்பரிலேயே.

இவ்வனுபவம் எமக்கு அந்நியமானதன்று. 2023 ஏப்ரலில் கொழும்பு மேடையொன்றில் நடாஷா எதிரிசூரிய நிகழ்த்திய சிங்கள நகைச்சுவையில், சித்தார்த்தரின் இளமைப் பருவம் பற்றிய குறிப்பொன்று இடம்பெற்றது. மண்டபத்திலே சிரிப்பை விளைத்த அப்பகுதி காணொளியாகப் பரவியபோது, அம்மண்டபத்தில் இல்லாதோரின் சினத்துக்கு இலக்காயிற்று. அவர் மன்னிப்புக் கோரியிருந்தும் மே மாத இறுதியில் விமான நிலையத்திலே கைதுசெய்யப்பட்டார். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும் அவருக்கெதிராகப் பிரயோகிக்கப்பட்டது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனைக்குச் செயல்வடிவம் தரும் சட்டம் இது. யூலை 5 ஆம் திகதி மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை, ஐந்து வாரங்களுக்கு மேலாக அவர் தடுப்புக்காவலில் இருந்தார். சிறுகதையொன்றை எழுதியமைக்காகச் சக்திக சத்குமாரவும் 2019 இல் இச்சட்டத்தின்கீழ் மாதக்கணக்கில் மறியலில் வைக்கப்பட்டமை நினைவுகூரத்தக்கது.

இச்சட்டம் தடைசெய்வது, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வெறுப்புப் பிரசாரத்தையே. புண்படுதல் வேறு, தூண்டப்படுதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றாக்கப்படும்போது, நலிந்தோரைக் காக்க வேண்டிய சட்டம் பெரும்பான்மையின் மனத்தாங்கலுக்குக் காவலாகிவிடுகின்றது. அதன்கீழ்ப் பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றுக்கே உரியது. அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளிலேயே. ஆகவே தீர்ப்புக்கு முன்னரே தண்டனை தொடங்கிவிடுகின்றது.

நகைச்சுவை எனும் பெயரில் கூறப்படுவன யாவும் முற்போக்கானவை என நாம் வாதிடவில்லை. ஒடுக்கப்பட்டோரை இழிவுசெய்யும் சிரிப்பும் உண்டு; அதனைக் கண்டிப்பது விமர்சகரின் கடன். ஆனால் சிறைக்கதவைத் திறக்குமுன் அரசு கேட்கவேண்டிய வினா, 'யார் மனம் புண்பட்டது?' என்பதன்று, 'யாருக்கெதிராக, எச்செயல் தூண்டப்பட்டது?' என்பதேயாகும். அவ்வினாவைக் கேளாத சமுதாயத்தில், ஒருவரின் கைது பலரின் மௌனமாக விரியும். மேடையேறாமற்போன அச்சொற்களை எந்த ஆய்வாளனாலும் கணக்கிட இயலாது.