ஜப்பான் ஃபோன் ஏன் 'க்ளிக்' என்று கத்துகிறது? போடிமெட்டில் கேமராவைத் தூக்கும் முன் ஒரு நிமிஷம்!

ஜப்பானுக்கு டூர் போய், ஆசைப்பட்டு அங்கேயே ஃபோன் வாங்கி வந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். ஃபோனை சைலன்ட்டில் போட்டாலும் கேமரா மட்டும் 'க்ளிக்' என்று சத்தம் போடும். ரிப்பேர் எல்லாம் இல்லை. ஜப்பானில் விற்கும் ஃபோன்களை அப்படித்தான் தயாரிக்கிறார்கள். இத்தனைக்கும் 'சத்தம் வந்தே ஆக வேண்டும்' என்று அங்கே சட்டம் கிடையாது. நிறுவனங்கள் தாங்களாகவே பின்பற்றும் வழக்கம் இது.

போட்டோ விஷயத்தில் ஜப்பான் நமக்கெல்லாம் முன்னோடி. ஸ்டிக்கராகப் படம் அடித்துத் தரும் 'புரிகுரா' பூத்கள் 1995-லேயே வந்துவிட்டன. பள்ளி மாணவிகள் தோழிகளோடு கூட்டமாக நின்று எடுத்து, படத்தின் மேலேயே எழுதி, அலங்கரித்து, நோட்டில் ஒட்டினார்கள். இன்றைய ஃபில்டர் செல்ஃபிக்குப் பாட்டி என்றே சொல்லலாம். 2000 நவம்பரில் ஷார்ப் தயாரித்த கேமரா ஃபோனை ஜே-ஃபோன் நிறுவனம் விற்பனைக்கு விட்டது. எடுத்த படத்தை அங்கேயே நின்று நண்பருக்கு அனுப்பலாம்.

கூடவே தலைவலியும் வந்தது. ரயிலிலும் எஸ்கலேட்டரிலும் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பவர்களுக்கு இந்த ஃபோன் வசதியாகிப்போனது. அதற்குத்தான் இந்த 'க்ளிக்'. ஆபாச நோக்கில் ரகசியமாகப் படமெடுப்பதை நாடு முழுக்கக் குற்றமாக்கும் தனிச் சட்டம் 2023 ஜூலை 13-ல்தான் அமலுக்கு வந்தது. ஆனால், சம்மதமில்லாமல் தன் முகத்தைப் படமெடுக்கவிடாமல் இருக்கும் சுதந்திரம் ஒருவருக்கு உண்டு என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1969-லேயே சொல்லியிருக்கிறது. அங்கத்திய டிவியில் தெருவில் போகிறவர்களின் முகங்களை அடிக்கடி மங்கலாக்கிக் காட்டுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்கள் வரும்போது கதை வேறு மாதிரி ஆகிறது. ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் லாசன் என்ற மளிகைக்கடை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் பால், சோறு வாங்கப் போகும் சாதாரண கடை. அதன் கூரைக்கு மேலே ஃபுஜி மலை எழுந்து நிற்பது போலத் தெரியும் என்பதால், வெளிநாட்டுப் பயணிகள் குவிந்தார்கள். சாலையின் குறுக்கே ஓடினார்கள், குப்பை போட்டார்கள், பக்கத்துப் பல் மருத்துவமனையின் பார்க்கிங்கை அடைத்தார்கள். 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்தது. சில நாட்களிலேயே வலையில் கேமரா நுழையும் அளவுக்கு ஓட்டைகள்! ஆகஸ்ட்டில் வலையைக் கழற்றினார்கள்.

சரி, போடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். சுற்றுவட்டார ஊர்களின் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகள் ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்குகிறார்கள். மூணாறு போகும் சுற்றுலாக் கார்களுக்கும் இதே பாதைதான். பனிமூட்டம், வளைவு, ஆட்கள் நிறைந்த ஜீப். காரில் இருப்பவருக்கு அது 'செம ஃப்ரேம்'. ஜீப்பில் இருப்பவருக்கு அது வேலைக்குப் போகும் வழி. அந்த நெரிசல் உயிருக்கே ஆபத்து என்பது படத்தில் தெரியாது.

வேலையும் படத்தில் விழாது. தேயிலை திறந்த சரிவில் வளர்வதால் தூரத்திலிருந்தே படமெடுக்கலாம். ஏலச்செடி நிழல் மரங்களுக்கு அடியில் வளரும். காய், செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில் பிடிக்கும். குனிந்தோ உட்கார்ந்தோ முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். பறித்த காய் உலர்ந்து, போடியில் ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலத்துக்கு வரும் (ஏலத்துக்கே ஏலம்!). இதில் எதையும் சாலையோர கேமரா பார்ப்பதில்லை.

போடி தாலுகாவில் இருக்கும் கொழுக்குமலைச் சூரிய உதயம்கூட இன்ஸ்டாவில் பெரும்பாலும் 'மூணாறு' என்றுதான் சுற்றுகிறது. விதிவிலக்கும் உண்டு. லெனின் பாரதி இயக்கி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-ல் வந்தது. இந்த மலைகளை வியூ பாயின்ட்டாகக் காட்டாமல், ஏல மூட்டை சுமந்து நடக்கும் பாதையாகக் காட்டிய படம் அது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு பெண்ணின் அந்தரங்கத் தருணத்தைப் படமெடுத்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்கீழ் குற்றம். பொதுச் சாலையில் வேலைக்குப் போகும் ஒருவரைச் சாதாரணமாகப் படமெடுப்பது இந்தப் பிரிவில் வராது. ஜப்பானில் தெருவில் போகிறவருக்கும் 1969 தீர்ப்பு துணை நிற்கிறது. இங்கே மிஞ்சியிருப்பது கேட்டு எடுக்கும் பழக்கம் மட்டும்தான். ஓடும் ஜீப்பை நிறுத்திக் கேட்க முடியாது. போடிமெட்டு டீக்கடையில் ஜீப் நிற்கும்போது, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்க முடியும். வேண்டாம் என்றால், எதிரே மலை இருக்கவே இருக்கிறது.