வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டி

கடல்நீர் மீன்தொட்டி என்பது பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் மீன்களை உப்புநீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியாகும். சென்னையில் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம் கொளத்தூர். ஆவடியை அடுத்த கோவில்பதாகை போன்ற பகுதிகள் கடற்கரையிலிருந்து 20 கி.மீ. அளவுக்கு உள்ளே இருப்பதால், அங்கு வளர்ப்போர் பெரும்பாலும் கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்க வேண்டியுள்ளது. ஆர்.ஓ. நீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற அளவில் கடல் உப்புக் கலவை கரைக்கப்படுகிறது. சமையல் உப்பு இதற்கு உதவாது. கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை.

தொட்டி சிறிதானால் வேலையும் குறையும் என்பது தவறான எண்ணம். 50 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் நீர் ஆவியானாலே உப்பின் அளவு 35-இலிருந்து 36-ஐத் தாண்டிவிடும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகவே குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். புதியவர்கள் பலர் இங்கேதான் உப்புநீரை ஊற்றித் தவறுகின்றனர். நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. கோடையில் மின்விசிறி வைத்தால் நீர் குளிரும், ஆனால் ஆவியாதலும் கூடும். தினமும் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

புதிய தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளத்தை, இறந்த துண்டானாலும், வாங்குவது குற்றம். செயற்கைப் பவளமே போதும். கோமாளி மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கு எளிதில் பழகுகிறது.